பேராலயத்தை மடமாக்கிய ஆயர்: வின்செஸ்டர் ஏதல்வோல்டின் வாழ்க்கை

திருச்சபையில் மடாதிபதியின் வேலை வேறு, ஆயரின் வேலை வேறு. மடாதிபதிக்கு ஒரு மதில். அந்த மதிலுக்குள் இருக்கும் துறவிகளின் செபம், சாப்பாடு, உழைப்பு, தூக்கம் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. ஆயருக்கோ ஊர் ஊராகக் கோவில்கள், அங்கே குருமார், அவர்களுக்குள் சண்டை சச்சரவு, நில வழக்கு, வரி, அரசவைக் கூட்டம் என்று வேலை பரந்து கிடக்கும். மடத்திலிருந்து ஆயர் பதவிக்குப் போகிறவர் மடத்தைப் பின்னால் விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். 10-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏதல்வோல்ட் அப்படி விடவில்லை. அபிங்டன் மடத்தின் அதிபராக இருந்த அவர் 963 நவம்பர் 29 அன்று வின்செஸ்டர் ஆயரானார். மூன்று மாதம் முடிவதற்குள் தன் பேராலயத்தையே துறவு மடமாக மாற்றிவிட்டார். அதன் பலனாக அந்தப் பேராலயம் 575 ஆண்டுகள் துறவிகள் கையில் இருந்தது.

இதன் பின்னணி புரிய வேண்டுமானால், அவர் பிறந்த காலத்தில் இங்கிலாந்தின் மடங்கள் எந்த நிலையில் இருந்தன என்பதை முதலில் பார்க்க வேண்டும். 7, 8-ஆம் நூற்றாண்டுகளில் அந்தத் தீவு மடங்களுக்குப் பெயர் போனது. பிறகு வைக்கிங் படையெடுப்புகள் வந்தன. பல மடங்கள் எரிந்தன. எரியாமல் தப்பியவற்றின் நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அரசர்கள் கைக்கும் பெருநிலக்காரர்கள் கைக்கும் போயின. பழைய பெருங்கோவில்களில் வழிபாடு நின்றுவிடவில்லை. ஆனால் அங்கே இருந்தவர்கள் துறவிகள் அல்ல, குருமார்கள். சொந்த வீடு, சொந்த வருமானம், பலருக்கு மனைவி மக்கள். புனித பெனடிக்ட் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கின்படி பொதுவில் உண்டு, பொதுவில் உறங்கி, சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்ளாமல் வாழும் வாழ்க்கை ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது.

ஏதல்வோல்ட் வின்செஸ்டரில் பிறந்தவர். ‘மூத்த எட்வர்ட்’ என்று அழைக்கப்படும் அரசரின் ஆட்சிக்காலம் அது. இளைஞனாக அதெல்ஸ்டன் அரசரின் அவையில் பணியாற்றினார். அரசரின் சொல்படி வின்செஸ்டர் ஆயர் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். அதே நாளில் பட்டம் பெற்ற இன்னொருவர் டன்ஸ்டன், பின்னாளில் கேன்டர்பரி பேராயர். அந்த நூற்றாண்டின் திருச்சபைச் சீர்திருத்தத்தில் மூன்று பெயர்கள் முக்கியம்: டன்ஸ்டன், ஏதல்வோல்ட், வொர்ஸ்டர் ஆயர் ஆஸ்வால்ட். மூவரில் மென்மையானவர் என்று ஏதல்வோல்டை யாரும் சொன்னதில்லை.

டன்ஸ்டன் கிளாஸ்டன்பரி மடத்தின் அதிபரானதும் ஏதல்வோல்ட் அங்கே போய்த் துறவியானார். படித்த மனிதர், அரசவையில் பழகியவர். ஆனாலும் மடத்துத் தோட்டத்தில் தன் கையால் மண்ணைக் கொத்தினார், காய்கறியும் பழமும் விளைவித்து, சகோதரர்களின் மதிய உணவுக்குத் தானே தயார் செய்து கொடுத்தார் என்று அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அதை எழுதியவர் அவருடைய மாணவரும் வின்செஸ்டர் பாடகர் குழுவின் தலைவருமான வுல்ஃப்ஸ்டன். நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இவர் வழியாகத்தான் வருகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. குருவைப் புனிதராகப் போற்றும் சீடரின் எழுத்து அது.

கிளாஸ்டன்பரியில் கிடைத்தது ஏதல்வோல்டுக்குப் போதவில்லை. கடல் கடந்து போய், சீர்திருத்தம் ஏற்கெனவே வேரூன்றியிருந்த மடங்களில் துறவு வாழ்க்கையை முழுமையாகக் கற்றுக்கொள்ள விரும்பினார். தடுத்தவர் ஈட்ரெட் அரசரின் தாய் ஈட்கிஃபு. இப்படிப்பட்ட மனிதரை நாட்டை விட்டுப் போக விடாதே என்று மகனிடம் சொன்னார். அரசர் அபிங்டனைக் கொடுத்தார். தேம்ஸ் நதிக்கரையில் இருந்த பழைய மடம் அது. கட்டடங்கள் பாழடைந்து, நிலத்தில் பெரும்பகுதி அரசர் வசம் போய், 40 ஹைட் அளவு மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு ஹைட் என்பது ஏறக்குறைய ஒரு குடும்பத்தைப் பிழைக்க வைக்கும் நிலம் என்று அந்தக் கால அளவை. 955-ஐ ஒட்டி ஏதல்வோல்ட் அங்கே போய்ச் சேர்ந்தார். கிளாஸ்டன்பரியிலிருந்து சில துறவிகள் கூட வந்தார்கள். தான் போக முடியாத கடல் கடந்த பயணத்துக்குத் தன் துறவி ஆஸ்கரை அனுப்பினார். ஆஸ்கர் பிரான்ஸின் ஃப்ளூரி மடத்தில் தங்கி அங்குள்ள வழக்கங்களைக் கற்றுத் திரும்பினார்.

அபிங்டனில் கோவில் கட்டும்போது ஏதல்வோல்ட் நின்று மேற்பார்வை பார்ப்பதோடு நிறுத்தவில்லை, கொத்தர்களோடு மேலே ஏறினார். ஒருமுறை அங்கிருந்து விழுந்து விலா எலும்புகள் முறிந்தன. அந்த மடத்தில் நடந்ததாக வுல்ஃப்ஸ்டன் சொல்லும் இன்னொரு சம்பவம் இந்த மனிதரை நெருக்கத்தில் காட்டுகிறது. எல்ஃப்ஸ்டன் என்ற துறவிக்கு, கட்டட வேலையாட்களுக்கு இறைச்சி சமைத்துப் போடும் பொறுப்பு. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளாமல் அவரே சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவி, தரையையும் பெருக்கி முடிப்பார். அதிபர் ஒருநாள் மடத்தைச் சுற்றிவரும்போது இதைப் பார்த்தார். கழுவி அடுக்கிய பாத்திரங்கள், பெருக்கிய தரை. எனக்குத் தெரியாமலேயே இவ்வளவு கீழ்ப்படிதலைச் செய்து வந்திருக்கிறாய், நீ காட்டிக்கொள்வது போல உண்மையிலேயே கிறிஸ்துவின் படைவீரன் என்றால் இந்தக் கொதிக்கும் கொப்பரைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொடு என்றார். எல்ஃப்ஸ்டன் ஒரு கணமும் யோசிக்காமல் கையை விட்டு எடுத்தார். சூடு அவருக்கு உறைக்கவில்லையாம். அதிபர் அதைத் திரும்பப் போடச் சொல்லி, இதை யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதே எல்ஃப்ஸ்டன் பின்னாளில் ராம்ஸ்பரி ஆயரானார்.

சீடர் இதை அற்புதமாகச் சொல்கிறார். எனக்கு இதைப் படிக்கும்போது அற்புதத்தை விட அந்தக் கேள்வி கேட்ட மனம்தான் பெரிதாகத் தெரிகிறது. நன்றாக வேலை செய்கிறவனைக் கண்டதும் பாராட்டி நகர்ந்துவிடாமல், இன்னும் எவ்வளவு தூரம் வருவான் என்று சோதித்துப் பார்க்கும் மனம் அது. அவருடைய மடங்களிலிருந்து இத்தனை ஆயர்களும் அதிபர்களும் வந்ததற்கும், அவரை எதிர்த்தவர்கள் அவரை அவ்வளவு வெறுத்ததற்கும் காரணம் ஒன்றேதான் என்று நினைக்கிறேன்.

அபிங்டன் காலத்தில் நடந்த இன்னொன்று நாட்டின் போக்கையே தீர்மானித்தது. இளவரசன் எட்கருக்கு ஏதல்வோல்ட் ஆசிரியராக இருந்தார். 955-இல் ஈட்ரெட் இறந்து ஈட்விக் அரசரானபோது டன்ஸ்டன் நாடு கடத்தப்பட்டு, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கென்ட் நகர மடம் ஒன்றில் தங்க நேர்ந்தது. ஏதல்வோல்ட் மட்டும் அரசரோடு முறித்துக்கொள்ளாமல் அபிங்டனிலேயே இருந்தார். 959-இல் எட்கர் முழு இங்கிலாந்துக்கும் அரசரானார். டன்ஸ்டன் திரும்பி வந்து கேன்டர்பரி பேராயரானார். நான்கு ஆண்டுகள் கழித்து, அரசர் தன் பழைய ஆசிரியரைத் தன் அரசின் முதன்மை நகரமான வின்செஸ்டருக்கு ஆயராக்கினார்.

அங்கே பழைய மின்ஸ்டர் (மின்ஸ்டர் என்றால் பெருங்கோவில்) என்று அழைக்கப்பட்ட பேராலயத்தில் குருமார் இருந்தார்கள். அவர்கள் ஆணவம் பிடித்தவர்கள், குடிகாரர்கள், பெருந்தீனிக்காரர்கள், கட்டிய மனைவியைத் தள்ளிவிட்டு வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டவர்கள், முறைப்படி திருப்பலி நிறைவேற்றக்கூட மறுத்தவர்கள் என்கிறார் வுல்ஃப்ஸ்டன். ஏதல்வோல்ட் அரசரின் அனுமதியோடு அபிங்டனிலிருந்து தன் துறவிகளை வரவழைத்தார். 964 தவக்காலத் தொடக்கம், ஒரு சனிக்கிழமை. உள்ளே குருமார் திருப்பலியை முடிக்கும் கட்டத்தில் நற்கருணைப் பாடலைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அபிங்டன் துறவிகள் வாசலில் நிற்கிறார்கள். அன்றைய பாடல் இரண்டாம் திருப்பாடலிலிருந்து வருவது. இலத்தீன் பாடத்தின்படி அதன் பொருள்: அச்சத்தோடு ஆண்டவருக்கு ஊழியம் செய்யுங்கள், ஒழுங்கைப் பற்றிக்கொள்ளுங்கள், இல்லையேல் நேர்வழியிலிருந்து தவறி அழிந்துபோவீர்கள். ஃப்ளூரி போய் வந்த ஆஸ்கர் கூட இருந்தவர்களைப் பார்த்து, நாம் ஏன் இன்னும் வெளியே நிற்கிறோம், இவர்களே நம்மை அழைக்கிறார்களே, உள்ளே போவோம் என்றார். உள்ளே போனார்கள்.

பாடல் பொருந்தியது தற்செயலா, நாள் பார்த்து வந்தார்களா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் பாட்டை மட்டும் நம்பி யாரும் வரவில்லை. எட்கர் தன் நம்பிக்கைக்குரிய அதிகாரியான டால்ஹம் ஊர் வுல்ஃப்ஸ்டனை உடன் அனுப்பியிருந்தார் (வரலாறு எழுதிய வுல்ஃப்ஸ்டன் வேறு, இவர் வேறு). அவர் அரச ஆணையைச் சொன்னார்: உடனே இடத்தைத் துறவிகளுக்கு விட்டுக்கொடுங்கள், இல்லையென்றால் நீங்களே துறவாடை பூணுங்கள். குருமார் வெளியேறினார்கள். பிறகு ஈட்சிகே, வுல்ஃப்சிகே, வில்ஸ்டன் என்ற மூவர் மட்டும் மனம் மாறித் துறவிகளாகத் திரும்பி வந்தார்கள்.

வெளியேற்றப்பட்டவர்களின் பக்கத்தை எழுதி வைக்க ஆளில்லாமல் போயிற்று. அவர்களைப் பற்றிய குற்றச்சாட்டுகள் எல்லாம் அவர்கள் இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் எழுதியவை. குடிகாரர்களும் இருந்திருக்கலாம், நல்லவர்களும் இருந்திருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம்: மனைவியோடு வாழும் குரு என்பது அந்தக் கால இங்கிலாந்தில் அன்றாடக் காட்சி, அதைத் தனி ஒழுக்கக்கேடாக ஊரார் பார்த்ததில்லை. ஒரு காலைப்பொழுதில் வீடும் வருமானமும் பிடுங்கப்பட்ட குடும்பங்கள் அவை. சீர்திருத்தத்தின் பலன்களைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை. ஆயர் தன் மண்டபத்தில் விருந்தினரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய பானத்தில் விஷம் கலந்தார்கள் என்றும், அவர் உடல் வெளிறி வயிறு துடிக்கப் படுக்கையில் போய் விழுந்து, நம்பிக்கையின் பலத்தால் தேறினார் என்றும் வுல்ஃப்ஸ்டன் எழுதுகிறார். அதே 964-இல் பக்கத்திலேயே இருந்த புதிய மின்ஸ்டரிலிருந்தும் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். பெண் துறவிகளுக்கான நன்னாமின்ஸ்டரும் புதிய ஒழுங்குக்குள் வந்தது. 966-இல் புதிய மின்ஸ்டருக்கு எட்கர் வழங்கிய சாசனம் ஒரு புத்தகமாகவே, முழுக்கப் பொன் எழுத்தில் எழுதப்பட்டது. முகப்பில் கன்னி மரியாவும் பேதுருவும் இருபுறமும் நிற்க, அரசர் கிறிஸ்துவை நோக்கி அந்தப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்திருக்கும் ஓவியம். அதன் வாசகம் ஏதல்வோல்டே எழுதியது என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்து. படித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. கலகம் செய்து வீழ்ந்த வானதூதர்களில் தொடங்கி, குருமார் வெளியேற்றத்தை அந்த வரிசையில் கொண்டுவந்து நிறுத்துகிறது அது.

பேராலயத்தைத் துறவிகள் நடத்துவது என்பது நிர்வாகத்தில் என்ன மாற்றம்? ஆயர் அங்கே அதிபர் இடத்தில் இருப்பார். அன்றாடப் பொறுப்பு துணைத் தலைவரிடம். ஆயர் பதவி காலியானால், அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பதில் அந்தத் துறவிகளுக்குப் பங்கு. இந்த அமைப்பு வின்செஸ்டரோடு நிற்கவில்லை. வொர்ஸ்டர், ஷெர்போர்ன், கேன்டர்பரி ஆகியவையும் அந்த வழியில் வந்தன. 1066-இல் நார்மன்கள் நாட்டைப் பிடித்த பிறகும் இது அழியவில்லை, மாறாக டர்ஹம், ராச்செஸ்டர், நார்விச் என்று பரவியது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் துறவிகள் நடத்தும் பேராலயம் மிக அரிது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைக்கும் வரை நாட்டின் பேராலயங்களில் ஏறத்தாழ பாதி இப்படித்தான் இருந்தன. வின்செஸ்டர் துறவிகள் 1539-இல் மடத்தை ஒப்படைத்தார்கள்.

இத்தனை மடங்களும் ஆளுக்கொரு வழக்கத்தில் போகாமல் இருக்க, எட்கர் வின்செஸ்டரில் ஒரு பேரவையைக் கூட்டினார். 970-களின் தொடக்கத்தில் இருக்கலாம். அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டதை எழுத்தில் தந்தது ‘ரெகுலாரிஸ் கன்கார்டியா’ என்ற இலத்தீன் ஒழுங்குநூல். ஃப்ளூரியிலிருந்தும் கென்ட்டிலிருந்தும் துறவிகள் வந்து ஆலோசனை சொன்னார்கள். தொகுத்தவர் ஏதல்வோல்ட் என்று அவர் மாணவர் எல்ஃப்ரிக் சொல்கிறார். ஆண் துறவிகளுக்கு அரசரும், பெண் துறவிகளுக்கு அரசி எல்ஃப்திரித்தும் காவலர்கள். ஒவ்வொரு செபவேளையிலும் அரசருக்காகவும் அரசிக்காகவும் வேண்டுதல் உண்டு. உள்ளூர்ப் பெருநிலக்காரர்களிடமிருந்து மடங்களைக் காக்க அரச குடும்பத்தின் கை வேண்டும் என்பது தெளிவான கணக்கு.

அந்த நூலில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த பகுதி உயிர்ப்பு ஞாயிறு விடியலுக்கு முந்தைய செபம். ஒரு துறவி வெள்ளை அங்கி அணிந்து, வேறு ஏதோ வேலையாகப் போகிறவர் போல யாரும் கவனிக்காமல் கல்லறையாக அமைத்திருக்கும் இடத்துக்குப் போய், கையில் குருத்தோலையோடு அமைதியாக உட்கார வேண்டும். பிறகு மூவர் போர்வையங்கி அணிந்து, கையில் தூபக்கலசத்தோடு, எதையோ தேடுகிறவர்கள் போல அடி அடியாக வர வேண்டும். அவர்கள்தான் கல்லறைக்கு வந்த பெண்கள், உட்கார்ந்திருப்பவர் வானதூதர். யாரைத் தேடுகிறீர்கள் என்று அவர் மெல்லிய, இனிய குரலில் பாடுவார். மூவரும் ஒரே குரலில் பதில் பாடுவார்கள். அவர் இங்கே இல்லை, எழுந்துவிட்டார் என்றதும் உடல் சுற்றியிருந்த துணியை எல்லோருக்கும் விரித்துக் காட்டுவார்கள். மணிகள் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும். உடை, கைப்பொருள், நடை, குரல் வரை குறிப்பு எழுதப்பட்ட ஒரு சிறு நாடகம். இடைக்கால ஐரோப்பிய நாடக வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் இந்தப் பக்கத்தில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள்.

மடங்களுக்கு நிலம் வேண்டும். ஏதல்வோல்ட் அதிலும் சளைத்தவர் அல்லர். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலப்பகுதியில் பழைய மடங்கள் மூன்றை மீட்டெடுத்தார்: ஈலி, பீட்டர்பரோ, தோர்னி. பீட்டர்பரோவில் அவர் கண்டது பழைய சுவர்களும் காடும்தான் என்று அந்த மடத்தில் வைத்திருந்த ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. 673-இல் அரசி ஏதல்திரித் தொடங்கிய ஈலிக்கு 970-இல் வின்செஸ்டர் துறவி பிர்ட்னோத்தை அதிபராக அனுப்பினார். ஈலிக்காக ஆயர் வாங்கிய நிலங்களின் விவரம் ஒரு நூலாகவே மிஞ்சியிருக்கிறது. யாரிடம் எவ்வளவு நிலம், என்ன விலை, எந்தச் சபையில் யார் சாட்சி, யார் பிறகு பேச்சு மாறினார் என்று எல்லாம் அதில் உண்டு. எட்கர் 975-இல் இறந்ததும், விற்றவர்கள் பலர் கட்டாயத்தின் பேரில் விற்றோம், விலை குறைவு என்று வழக்குக்கு வந்தார்கள். எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை. அரசரின் ஆசிரியர் நிலம் கேட்கும்போது மறுத்துப் பேசுவது எளிதல்ல.

இந்த மனிதரின் இன்னொரு பக்கத்துக்கு வருவோம். எட்கரும் எல்ஃப்திரித்தும் ஏதல்வோல்டிடம் ஒரு வேலை கேட்டார்கள்: பெனடிக்டின் ஒழுங்குநூலை ஆங்கிலத்தில் தர வேண்டும். அதற்காக சஃபோக் பகுதியில் சட்போர்ன் என்ற நிலத்தைக் கொடுத்தார்கள். அவர் மொழிபெயர்த்தார், நிலத்தை ஈலிக்குக் கொடுத்துவிட்டார். மேற்கு ஐரோப்பாவின் மற்ற மடங்கள் பெரும்பாலும் இலத்தீனையே நம்பியிருந்த காலம் அது. இந்த மொழிபெயர்ப்போடு தொடர்புடைய ஒரு முன்னுரையில், அவருடையது என்று கருதப்படும் வரிகளில், காரணமும் சொல்லப்படுகிறது. கற்றவர்களுக்கு இது தேவையில்லை. ஆனால் உலக வாழ்க்கையை விட்டுப் புதிதாக மடத்துக்கு வருகிறவர்களுக்கு, ஒழுங்கு தெரியாததால் தவறினேன் என்று சொல்ல இடமிருக்கக் கூடாது. காரணத்தில்கூட அந்தக் கண்டிப்பு இருக்கிறது.

ஆனால் வகுப்பறையில் அவர் வேறு மனிதர். சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் பாடம் சொல்லிக் கொடுப்பது அவருக்கு எப்போதும் இனித்தது, இலத்தீன் நூல்களை ஆங்கிலத்தில் விளக்குவார், இலக்கணமும் யாப்பும் கற்றுத் தருவார், மகிழ்ச்சியான வார்த்தைகளால் ஊக்குவிப்பார் என்று வுல்ஃப்ஸ்டன் எழுதுகிறார். இதை நான் முழுமையாக நம்புகிறேன், ஏனென்றால் அதன் விளைவு கண் முன்னே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தின் தலைசிறந்த உரைநடையாளர் எல்ஃப்ரிக் அந்த வகுப்பறையில் உட்கார்ந்தவர். தான் ஏதல்வோல்டின் மாணவன் என்பதைத் தன் நூல்களில் பெருமையோடு குறிப்பிடுகிறார். இலத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதியவரும் அவர்தான். இன்ன இலத்தீன் சொல்லுக்கு இன்ன ஆங்கிலச் சொல் என்று வின்செஸ்டர் பள்ளியில் ஒரு சொல்வழக்கு உருவாகி, அது மற்ற ஊர்களின் எழுத்துக்கும் பரவியதை மொழி ஆய்வாளர்கள் கண்டு காட்டியிருக்கிறார்கள்.

வின்செஸ்டரின் முன்னாள் ஆயர் ஸ்விதன் 860-களில் இறந்து கோவிலுக்கு வெளியே புதைக்கப்பட்டிருந்தார். 971 ஜூலை 15 அன்று ஏதல்வோல்ட் அவர் எலும்புகளைக் கோவிலுக்குள் கொண்டுவந்து வைத்தார். நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் கோவிலின் இரு சுவர்களிலும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தொங்கின என்கிறார் எல்ஃப்ரிக். ஒவ்வொரு முறை ஒருவர் குணமாகும்போதும் துறவிகள் எல்லாரும் கோவிலுக்குப் போய் ‘தே தேயும்’ நன்றிப் பாடலைப் பாட வேண்டும் என்பது ஆயரின் கட்டளை. ஒரே இரவில் மூன்று, நான்கு முறை எழுந்துபோக வேண்டி வந்தது. ஆயர் அரசவையில் இருந்த நேரம் பார்த்துத் துறவிகள் மெல்ல அதைக் கைவிட்டார்கள். ஸ்விதன் ஒருவரின் கனவில் தோன்றிக் குறைபட்டுக்கொண்டாராம். செய்தி ஆயருக்குப் போனது. உடனே ஆள் அனுப்பினார்: பாடாமல் விடுகிறவர் ஏழு நாள் தொடர்ந்து நோன்பிருக்க வேண்டும்! அப்புறம் பாடல் நிற்கவில்லை. அவருடைய மடத்துக்குள் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பழைய பேராலயத்தை அவர் மேற்குப் பக்கம் நீட்டிக் கட்டினார். ஆற்று நீரை வாய்க்கால் வெட்டி மடத்துக்குள் ஓடவிட்டு, கழிவறைகள் வரை தண்ணீர் போகச் செய்தார். 980 அக்டோபர் 20 அன்று புதுப்பித்த கோவிலின் அர்ப்பணிப்பு விழா நடந்தது. அந்தக் கட்டடம் இன்று இல்லை. நார்மன் ஆயர் 1079-இல் தொடங்கிய புதிய பேராலயம் எழுந்ததும் 1093-94-இல் இடித்துவிட்டார்கள். 1960-களின் அகழாய்வில் அடித்தளம் வெளிப்பட்டது. இன்றைய பேராலயத்தின் வடக்கே புல்தரையில் அதன் வடிவத்தைச் செங்கல் வரிகளால் குறித்திருக்கிறார்கள்.

அழியாமல் நம் கைக்கு வந்தது அவருடைய ஆசிநூல். திருவிழா நாட்களில் ஆயர் மக்களுக்கு ஆசி கூறும் செபங்களைத் துறவி கோட்மன் எழுத, முழுப்பக்க ஓவியங்களோடு உருவான புத்தகம். அந்த ஓவியங்களில் 28 இன்று மிஞ்சியிருக்கின்றன. இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பொன் எழுத்தில் உள்ள முன்னுரைக் கவிதை, நிறைய அழகிய சட்டங்களும் பல வண்ண உருவங்களும் பொன்னும் வேண்டும் என்று ஆயர் கட்டளையிட்டதைச் சொல்கிறது. அதில் கோட்மன் அவரை ‘இடியின் மகன்’ என்று அழைக்கிறார். இயேசு யாக்கோபுக்கும் யோவானுக்கும் வைத்த பெயர் அது. கூடவே வாழ்ந்த ஒருவர் அவர் கண்ணில் படும்படியே எழுதியது.

பொன்னை இவ்வளவு விரும்பியவர் பஞ்சம் வந்தபோது என்ன செய்தார்? கையிலிருந்த பணம் தீர்ந்ததும் கோவிலின் வெள்ளிப் பாத்திரங்களையும் அணிகளையும் உடைத்துக் காசாக்கச் சொன்னார். கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட மனிதர் பசியில் சாகும்போது பேச்சற்ற உலோகம் முழுசாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். சாலையோரத்தில் கிடந்தவர்களைத் தேடிப்போய்ச் சோறு போட்டார். மற்றபடி தனக்கென்று எதையும் தளர்த்திக்கொள்ளவில்லை. வயிற்றிலும் கால்களிலும் தீராத வலி இருந்தும் இறைச்சி உண்டது இரண்டே சமயங்களில்: டன்ஸ்டன் கட்டளையிட்டதால் ஒரு மூன்று மாதம், பிறகு கடைசி நோயில்.

எட்கர் மறைந்த பிறகு அரியணைக்கு இரண்டு சிறுவர்கள். டன்ஸ்டன் மூத்தவன் எட்வர்டின் பக்கம் நின்றார். ஏதல்வோல்ட் எல்ஃப்திரித்தின் மகன் ஏதல்ரெட் பக்கம். எட்வர்ட் 978-இல் கொலை செய்யப்பட்டார். ஏதல்ரெட் அரசரானபோது அவருக்குப் பத்து வயது இருக்கலாம். அடுத்த ஆறு ஆண்டுகள் தாயும் ஏதல்வோல்டும்தான் அவருக்கு வழிகாட்டிகள். ஏதல்வோல்ட் 984 ஆகஸ்ட் 1 அன்று சர்ரே பகுதியின் பெடிங்டனில் இறந்தார். உடலை வின்செஸ்டருக்குக் கொண்டுபோய்ப் பேராலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்தார்கள். அவருக்குப் பின் ஆயரான ஆல்ஃபெஜ் 996-இல் அதை மேலே பாடகர் பகுதிக்கு மாற்றினார்.

அவர் போனதும் இளம் அரசர் கைமீறிப் போனார். சில பிரபுக்களின் பேச்சைக் கேட்டு மடங்களின் நிலத்தைப் பறித்தார். பணம் வாங்கிக்கொண்டு அபிங்டனின் அதிபர் பதவியையே ஒரு பிரபுவின் சகோதரருக்குக் கொடுத்தார். அதிபரைத் துறவிகளே தேர்ந்தெடுக்கும் உரிமை அத்தோடு போயிற்று. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 993-இல், ஏதல்ரெட் அபிங்டனுக்கு ஒரு சாசனம் கொடுத்தார். ஏதல்வோல்ட் இறந்த நாளிலிருந்து எனக்கும் என் நாட்டுக்கும் துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன, அதில் ஒரு பங்கு என் இளமையின் அறியாமையாலும் பிறரின் பேராசையாலும் நேர்ந்தது என்று அதில் எழுதவைத்து, துறவிகள் தங்கள் அதிபரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமையை அபிங்டனுக்குத் திருப்பிக் கொடுத்தார்.